இடது கைக் கையெழுத்து

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ் நிற்பதற்குள் படிக்கட்டுக்கு வந்துவிடுகிற ரகம். அடுத்தவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நானே முடித்துக் கொடுத்துவிடுகிற ரகம். அப்படிப்பட்டவள் முப்பத்து மூன்று வயதில், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, மறுவாழ்வு ஆலோசகர் ஆவதற்கு முதுகலை படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது, என் கணவர் தோசையைப் பிய்த்தபடியே கேட்டார்.

"ஊட்டுல நீ சும்மா குடுக்கற ஆலோசனை பத்தாதா? அதுக்குப் பட்டம் வேற வேணுமா?"

அந்த வேலை ஒரு பம்ப்செட் கம்பெனியில். வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்பது. எட்டு வருடம் பார்த்தேன். காதில் ஹெட்போன், எதிரே கம்ப்யூட்டர் திரை. பேச்சில் நாலு விநாடி இடைவெளி விழுந்தால் திரையில் சிவப்புப் பட்டை ஒன்று வரும், சூப்பர்வைசர் எட்டிப்பார்ப்பார். அதனால் நான் இடைவெளியே விடமாட்டேன். "ஏனுங்க, மோட்டாரு ஓடுதுங்க, ஆனா தண்ணி..." என்று யாராவது இழுத்தால், "ஃபுட்வால்வுல மண்ணு அடைச்சிருக்குங்க, சுத்தம் பண்ணிப்போட்டு மறுபடியும் போட்டுப் பாருங்க" என்று முடித்துவிடுவேன். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். பாதி கேட்டாலே மீதி எனக்குத் தெரிந்துவிடும் என்கிற திமிர் அங்கே வந்ததுதான்.

படிக்கப் போனதற்குக் காரணம் என் சித்தப்பா. அவிநாசியில் மாவு மில் வைத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவருடைய கையைப் பற்றியும் காலைப் பற்றியும் பேசினார்கள். நன்றாகவே கவனித்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மில்லை மறுபடியும் திறக்கப்போகிறீர்களா, என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. கையோ காலோ கண்ணோ போனவர்கள், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், மனநோயிலிருந்து தேறி வருகிறவர்கள், இவர்களிடம் உட்கார்ந்து இனி என்ன வேலை, எங்கே இருப்பது, எப்படி வாழ்வது என்று கேட்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. கேட்பதற்காகத்தான் போனேன். அதை இங்கே முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்யாமல் விட்டதும் அதைத்தான்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டாம் வருடம் ஒவ்வொருவரும் ஆஸ்பத்திரியில் உண்மையான ஆட்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர்களுடைய சம்மதத்தோடு அதைப் பதிவு செய்து, வீட்டுக்குப் போய் ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். இருமினால் இருமல் என்று எழுத வேண்டும். 'ம்' கொட்டினால் அதையும். யாரும் பேசாமல் இருந்தால் எத்தனை விநாடி என்று அடைப்புக்குள் போட வேண்டும். அதைவிடக் கொடுமை வெள்ளிக்கிழமை. வகுப்பில் ஐந்து பேர். எழுதியதை நாம் வாசிக்கக் கூடாது. வந்தவர் பேசியதை ஒருவர் வாசிப்பார், நாம் பேசியதை இன்னொருவர் வாசிப்பார். நாம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். பெயர், ஊர் எதுவும் இருக்காது, பேச்சு மட்டும்தான்.

முதல் தடவை என்னுடையதை வாசித்தபோதே கோட்டைமேட்டிலிருந்து வருகிற வகுப்புத் தோழன் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முன்பு பிசியோதெரபி பார்த்தவன், என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், வாய்த்துடுக்கு.

"அக்கா, நீங்க ஆலோசனை சொல்றீங்களா, ஏலம் போடறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேராசிரியை மட்டும் சிரிக்காமல், "அடுத்த வாரம் கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுங்க" என்றார். எரிச்சலாக இருந்தது. போனில் எட்டு வருடம் சிறந்த ஊழியர் பரிசு வாங்கியவளுக்கு எப்படிப் பேசுவது என்று இவர்கள் சொல்லித்தர வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பருவத்தில் எனக்கு ஒப்படைத்தவர் வால்பாறைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அம்மா. நாற்பத்தொரு வயது. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய அப்பா அம்மா காலத்தில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மலைக்கு வேலைக்குப் போன குடும்பம், அதனால் பேச்சு எங்கள் பேச்சுதான். கொழுந்து மூட்டை ஏற்றி வந்த டிராக்டர் சரிவில் சாய்ந்து, வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. கணவர் இல்லை, இறந்து ஆறு வருடம். ஒரே மகள், பொள்ளாச்சியில் விடுதியில் தங்கி பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முந்தானையால் கையை மூடிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் "சரிங்க மேடம்" என்றார். ஏதோ ஒரு பேச்சில் நான், "பொறுமையாப் பண்ணலாங்க, அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாது" என்று சொல்லித் தொலைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் ஒரு நிமிஷம் தன் கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "இப்பப் போகுங்க மேடம், இந்தக் கை குண்டான்லயே போகும்." நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்துப்போனதுதான் ஆபத்தாகவும் ஆயிற்று, இவருக்கு நல்லது செய்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன்.

எட்டாவது வரை படித்தவர். கையெழுத்துப் போடத் தெரியும், ஆனால் வலது கையால். அதனால் நாலு வாரம் இடது கையில் கையெழுத்துப் போடப் பழக்கினேன். பேப்பர் நகராமல் இருக்க, குறைக்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொள்வார். முதல் எழுத்து மேலே ஏறும், கடைசி எழுத்து கீழே இறங்கும். எழுதி முடித்ததும், "கோழி கெளறுன மாதிரி இருக்குதுங்க" என்பார். ஐந்தாவது வாரம் அது படிக்கிற மாதிரி வந்தது. அதைப் போனில் படம் எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். அவ்வளவு பெருமை.

அந்த நேரம் பார்த்து நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் இடம் ஒன்று காலியாக இருப்பதாகத் தெரிந்தது. ஆறு மாதம் கம்ப்யூட்டர் பயிற்சி, தங்க விடுதி, முடித்ததும் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துக் கொடுப்பார்கள். ஒரே இடம். பத்து நாளில் சேர வேண்டும். பழைய வேலையிலிருந்து விடுவித்துவிட்டதாக எஸ்டேட் கொடுக்கும் கடிதம் வேண்டும். அதற்கு, இவரால் இனி பழைய வேலையைச் செய்ய முடியாது என்று எங்கள் அறிக்கை வேண்டும். நான் ஒரே ராத்திரியில் எழுதினேன். ஆங்கிலத்தில், மூன்று பக்கம். பேராசிரியை படித்துவிட்டு, "அவங்க சம்மதம்தானே?" என்று கேட்டார். "எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க மேடம்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை அறிக்கையை அந்த அக்காவுக்கு முன்னால் வைத்தேன். இடது கையால் அவர் போட்ட முதல் நிஜக் கையெழுத்து அதில்தான். கடைசி எழுத்து வரை நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை. "இதை எஸ்டேட் ஆபீசுல குடுத்து கடுதாசி வாங்கிட்டு வந்துருங்க" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "வாரேனுங்க மேடம்" என்றார்.

வெள்ளிக்கிழமை என் பேப்பரை வாசிக்கிற முறை வந்தது. அறிக்கை எழுதுவதற்கு முந்தைய சந்திப்பு அது. காரமடையிலிருந்து வருகிற பெண் என்னுடைய பேச்சை வாசித்தாள். வாசித்து மூச்சு வாங்கியது, நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். கோட்டைமேட்டுத் தம்பி அந்த அக்காவின் பேச்சை வாசித்தான். அவனுக்கு வாசிக்க ஒன்றுமே இல்லை. "சரிங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து "சரிங்க மேடம்" என்றான். பிறகு ஓர் இடத்தில், "ஊட்டை என்னுங்க பண்றது?" என்று வாசித்தான்.

காரமடைப் பெண் என் பதிலை வாசித்தாள். "ஊடு எங்கயும் ஓடிப்போகாதுங்க. பூட்டிப்போட்டு வாங்க. இங்க ஹாஸ்டல்ல மூணு வேளையும் சாப்பாடு குடுத்தர்றாங்க, நீங்க எதுக்கும் கவலைப்பட வேண்டாம்..."

பக்கத்தைத் திருப்பினார்கள். "ஊடு போயிருமுங்களே" என்றான் அவன்.

"எல்லாருக்கும் ஊட்டு நெனப்பு வரத்தானுங்க செய்யும். ஒரு வாரத்துல பழகிருங்க."

அதற்கும் அடுத்த பக்கத்தில், "அந்த ஊட்டுலதானுங்க புள்ளை பொறந்தது."

"அப்பறமென்னுங்க, அந்தப் புள்ளைக்காகத்தானே இதெல்லாம் பண்றோம்."

"சரிங்க."

தம்பி பேப்பரை மேஜைமேல் வைத்தான். வழக்கமான கிண்டல் வரும் என்று நினைத்தேன். அவன் முகத்தில் அது இல்லை.

"அக்கா, இவங்க இருக்கறது எஸ்டேட் லைன் ஊடா?"

ஆமாம் என்றேன்.

"எங்க அத்தா மலைக்கு மேல லைன் லைனாப் போயி துணி வித்தவருங்க. சின்ன வயசுல நானும் போயிருக்கேன். அது அவங்க ஊடு இல்லீங்கக்கா, கம்பெனி ஊடு. மஸ்டர்ல, அதான் வேலையாளுங்க பேர்ப் பட்டியல்ல, பேர் இருக்கற வரைக்கும்தான் ஊடு. பேரை வெட்டுனா காலி பண்ணணும். இல்லைன்னா ஊட்டுல இன்னொருத்தர் வேலைக்குப் பேர் குடுக்கணும். அவங்க ஊட்டுல வேற யாரு இருக்கா?"

  அந்த ஊட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் பக்கத்தில் வேலை போகும், தோட்டம் போகும், பங்காளிச் சண்டையில் சொந்தமே போகும். வீடு நிற்கும். ஓடு ஒழுகினாலும் அது நம்முடையது. வேலையோடு சேர்த்து வீடும் போகும் என்பது அவிநாசியில் வளர்ந்த என் புத்தியில் ஏறவே இல்லை. மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் நான் ஃபுட்வால்வில் மண் அடைத்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சை என் கையாலேயே சொல்லுக்குச் சொல் எழுதியும் இருக்கிறேன். எழுதும்போதுகூடக் காதில் விழவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்த நாள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

வெளியே வந்து அவருக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. கோப்பில் மகளின் எண் இருந்தது. எடுத்தாள். நான் யார் என்று சொன்னேன்.

"நீங்கதானா அது?" என்றாள். அம்மாவின் குரலேதான், ஆனால் அதில் 'ங்க' இல்லை. "எங்கம்மா உங்களத் திட்டமாட்டாங்க. அவங்களுக்குத் திட்டத் தெரியாது. நான் திட்டறேன். அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை தமிழ்ல சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"ஆபீசுல படிச்சுச் சொன்னாங்க. நான் மலைக்கு மேலதான் வந்திருக்கேன். திங்கக்கெழமை காலைல மஸ்டருக்குப் போயி பேர் குடுக்கப் போறேன். என்ற பரீட்சை பொறகு பாத்துக்கலாம்."

போனை வைத்துவிட்டாள். பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கையெழுத்து என்னுதும் இருக்குங்க அதுல. நாளைக்கே போங்க. அறிக்கையைத் திரும்பப் பெறோம்னு நான் லெட்டர் தரேன். அங்க போயி நீங்க பேசாதீங்க" என்றார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் பொள்ளாச்சி போய் அங்கிருந்து வால்பாறை வண்டி பிடித்தேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவிலேயே எனக்கு வாந்தி. பக்கத்தில் இருந்த அம்மா எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் திணித்து, "மோந்துட்டே வா கண்ணு" என்றார். இந்த வழியாகத்தான் அந்த அக்கா ஒவ்வொரு வாரமும், ஆறாத கையோடு, நான் சொன்ன நேரத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு ஒருநாள் கடிகாரத்தைக் காட்டியிருக்கிறேன். 

லைன் வீடுகள் ஒரே நீளக் கூரைக்கு அடியில் வரிசையாக இருந்தன. மகள்தான் வாசலில் நின்றாள். "உள்ள போங்க" என்றாள், அவ்வளவுதான். ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி. சுவரில் நீலச் சாயம் புதிதாக அடித்திருந்தது. அந்த அக்கா தரையில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாள் அல்ல, ஏழெட்டுத் தாள். எல்லாவற்றிலும் அதே கையெழுத்து.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க மேடம், வாங்க. இந்தக் குளிருல எதுக்குங்க வந்தீங்க, சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"இது எதுக்குங்கக்கா?"

அவருக்குக் கூச்சம். "ஆபீசுல அந்தப் பேப்பரை வாங்கி வெச்சாங்க, ஆனா பேரை எடுக்கலீங்க. பெரிய கிளார்க்கு ரிஜிஸ்டரை எடுத்துப் பாத்துப்போட்டு, அதுல இருக்கற கையெழுத்தும் இதும் ஒத்து வரலைன்னு சொல்லிப்போட்டாருங்க. பழையபடி வந்து போட்டாத்தான் பேரை எடுப்பாங்களாம். அதான் திங்கக்கெழமைக்குள்ள பழகிப்போடலாம்னு. நீங்க அத்தனை பாடுபட்டு எழுதிக் குடுத்தது, வீணாப் போகக்கூடாது பாருங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தன்னுடைய வீடு போகிற காகிதத்தில் கையெழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று அந்த மனுஷி உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தார். நான் பாடுபட்டேனாம். அது வீணாகக் கூடாதாம். எதிரில் இருக்கிறவரின் முகம் வாடக் கூடாது என்று எங்கள் ஊரில் பிள்ளைக்குப் பாலோடு சேர்த்துப் புகட்டுகிறார்கள். எனக்கும் புகட்டியிருக்கிறார்கள். எனக்கு வேண்டாததற்கு நானே எத்தனை வீட்டில் "சரிங்க" என்று சொல்லித் தலையாட்டியிருக்கிறேன். அவர் சொன்னபோது மட்டும் அது சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"அக்கா, தப்பு என்னோடதுங்க. அந்தப் பேப்பரைத் திரும்ப வாங்கத்தான் வந்தேன். உங்களுக்கு என்ன வேணும்னு நான் கேக்கவே இல்லை. இப்பச் சொல்லுங்க."

"நீங்க எது சொன்னாலும் சரிங்க மேடம்."

பழைய நானாக இருந்தால் அங்கேயே நாலு வழி சொல்லியிருப்பேன். நாலும் நாக்கு நுனியில் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுப்படியில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மகள் வாசலிலிருந்து உள்ளே பார்த்தாள். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து தாண்டியது. இருபது தாண்டியது. முப்பத்தேழு வரை எண்ணினேன்.

"எனக்குக் கீழ வர வேண்டாமுங்க" என்றார். தலையைக் குனிந்தபடி சொன்னார். "என்ற புள்ளை மஸ்டருக்குப் போகக்கூடாதுங்க. அவ படிக்கோணும்."

நான் அப்போதும் பேசவில்லை.

"கொழுந்து எடுக்க என்னால ஆகாதுங்க, அது எனக்குந் தெரியும். ஆனா வேலைக்குப் போறவங்க புள்ளைங்களை விடற காப்பகத்துல ஒரு ஆள் எடம் சும்மாக் கெடக்குதுங்க. பாத்துட்டிருந்த அக்கா வயசாகி நின்னுட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து நாந்தான் அங்க போயிட்டிருக்கேன். சும்மா ஒத்தாசைக்கு."

ஆறு வாரம் இவரோடு உட்கார்ந்திருக்கிறேன். பகலெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

காப்பகம் பத்து வீடு தள்ளி. வேலை நாளாகையால் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். இவர் உள்ளே நுழைந்ததும் இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன. ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. பழைய சேலையை உத்திரத்துக்கு மேலே வீசி, இறங்கிய நுனியை இடது கையில் பிடித்து, மறு நுனியைப் பல்லில் கவ்வி, ஒரே இழுப்பில் தொட்டில் முடிச்சைப் போட்டார். தொங்கிப் பார்த்தார். குழந்தையைக் குறைக்கையின் மடக்கில் ஏந்தி உள்ளே விட்டார். என்னுடைய மூன்று பக்க அறிக்கையில், 'இரு கைகளும் தேவைப்படும் செயல்களைச் செய்ய இயலாதவர்' என்று ஒரு வரி இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் சாத்திவிடுவார்கள் என்று மகள் நினைவுபடுத்தினாள். வீட்டுக்குத் திரும்பி, அவள் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தாள். அந்த அக்கா சொல்லச் சொல்ல மனு எழுதினேன், தமிழில். காப்பகத்தில் காலியாக உள்ள வேலையைத் தனக்குத் தர வேண்டும், பெயர் மஸ்டரிலேயே இருக்க வேண்டும், அதுதான் சாரம். முடிவில் என் பழக்கதோஷம் சும்மா இருக்குமா, நானாக ஒரு வரி சேர்த்தேன். எழுதி முடித்து முழுதும் வாசித்துக் காட்டினேன். 'என்னால் இயன்ற லேசான வேலை ஏதேனும் தந்து ஆதரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்ற இடத்தில் அவர் கையை நீட்டினார்.

"இல்லீங்க அம்மணி, அது வேண்டாம்."

ஆறு வாரத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் 'இல்லை' அது. மேடம் என்பது அம்மணி ஆனதும் அப்போதுதான்.

"எது வேண்டாமுங்கக்கா?"

"லேசான வேலைன்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிச்சுப்போடுங்க. இருவது புள்ளைங்களை ஒரு நாளைக்கு நீங்க பாருங்க, அப்பறந் தெரியும் லேசா இல்லையான்னு. ஆதரிக்கறதும் வேண்டாம். வேலை குடுங்கன்னு மட்டும் போடுங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் முதல் தடவையாகச் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். அடித்தேன். அடித்துவிட்டு வேறு தாளில் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். குறைக்கையால் தாளை அழுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல முதல் எழுத்து மேலே ஏறியது, கடைசி எழுத்து கீழே இறங்கியது.

ஆபீஸில் பெரிய கிளார்க் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். பேராசிரியையின் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு பழைய அறிக்கையை என்னிடம் நீட்டினார். "பேரை இன்னும் வெட்டலீங்க. மொதல்லயே யோசிச்சு எழுதியிருக்கலாம்ல?" என்றார். எழுதியிருக்கலாம்தான், தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு மனுவை வாங்கிப் பார்த்தார். காப்பக வேலைக்கு மேனேஜர்தான் சொல்ல வேண்டும், அங்கே ஆள் இல்லாமல் அவருக்கும் தொந்தரவுதான், சொல்லிப் பார்க்கிறேன் என்றார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். அலமாரியிலிருந்து தடியான ரிஜிஸ்டரை எடுத்து, பக்கத்தைத் தேடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுவும் ஒத்து வரலையேம்மா. அன்னிக்கே சொன்னனல்ல. பழையபடி போடோணும்."

பதில் சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அந்த அக்கா என் முழங்கையில் ஒரு விரலை வைத்தார். மூடிக்கொண்டேன்.

"பழைய கை இல்லீங்களே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "இனி என்ற கையெழுத்து இதுதானுங்க. ரிஜிஸ்டர்ல மாத்திக்குங்க."

கிளார்க் அவரைப் பார்த்தார். முந்தானைக்கு வெளியே இருந்த கையைப் பார்த்தார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி, பழைய கையெழுத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ரிஜிஸ்டரைத் திருப்பி அந்த அக்காவின் பக்கம் தள்ளினார். அவர் நின்றபடியே, அவசரப்படாமல், கோட்டுக்குக் கீழே எழுதினார்.

திங்கட்கிழமை மஸ்டரில் காப்பக வேலைக்கு அந்த அக்காவின் பெயரைத்தான் கூப்பிட்டார்களாம். மகள் போனில் சொன்னாள். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. அவள் பரீட்சைக்குப் பொள்ளாச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தாள்.